பறவை பார்ப்பது வேலையற்றவர் வேலையா?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி., கணிதம்)

"ஏல, காலேசுக்குப் போயிக் கொக்கு எண்ணவா படிக்க?"

கடந்த தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, குளக்கரையிலிருந்து குறிப்பேடும் கையுமாகத் திரும்பிய என்னைப் பார்த்து, எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர் கேட்ட கேள்வி இது. கடையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே வந்துவிட்டேன். ஆயினும் அந்தக் கேள்வி வீடுவரை என் கூடவே வந்தது.

பெரியவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். தந்தையார் ஐந்தாம் வகுப்போடு ஏர் பிடிக்கப் போனவர். தாயார் கையெழுத்து மட்டும் போடுவார். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் கூலிக்குப் போனால் அந்த வாரத்துப் பேருந்துச் செலவு கழியும். அந்த நாளில் ஒரு பிள்ளை விடியற்காலையில் எழுந்து கொக்கையும் நாரையையும் பார்த்துக்கொண்டு நின்றால், ஊர் கேட்கத்தானே செய்யும்?

அந்தக் கேள்விக்குக் கடையில் சொல்லாத பதிலை இம்மலரில் எழுதுகிறேன். படிக்கும் தோழர்கள் என்னோடு உடன்படலாம், மறுக்கவும் செய்யலாம். கேட்டுவிட்டு மறுத்தால் போதும்.

பருவங்களும் பறவைகளும்

மேலநீலிதநல்லூரைச் சுற்றியுள்ள மண் வானத்தை நம்பிய மண். குற்றாலத்தில் சாரல் பொழியும் ஆடி மாதத்தில் நமக்குக் கிடைப்பது காற்று மட்டுமே. மழையை மலைக்கு அந்தப் பக்கம் இறக்கி வைத்துவிட்டு, வெறுங்கையோடு வருகிற காற்று அது. "இந்தப் பொட்டல் காட்டில் என்ன பறவை இருக்கப் போகிறது?" என்றுதான் முதலில் நானும் நினைத்தேன். ஓராண்டு முழுவதும் வாரம் தவறாமல் பார்த்த பின்புதான் என் அறியாமை எனக்கே புரிந்தது.

ஆடிக் காற்றில் கிணற்று மேட்டுக் கருவேல மரத்தைப் பாருங்கள். தூக்கணாங்குருவி கூடு பின்னிக்கொண்டிருக்கும். பின்னுவது ஆண் குருவி. பாதி பின்னியதும் பெண் குருவி வந்து பார்க்கும். பிடித்திருந்தால் குடியேறும், பிடிக்காவிட்டால் அடுத்த கூட்டுக்குப் போய்விடும். காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் புறத்திலேயே தொங்கும். திசைமானி இல்லாத காலத்திலும் நம் ஆடு மேய்க்கும் பெரியவர்கள் தூக்கணாங்கூட்டைப் பார்த்துத் திசை சொல்லியிருப்பார்கள் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

புரட்டாசி பிறந்தால் விருந்தாளிகள் வரத் தொடங்குவார்கள். மின்கம்பிகளில் வரிசையாகத் தகைவிலான்கள் அமர்ந்திருக்கும். வாய்க்கால் ஓரத்தில் வாலாட்டிகள் வந்து வாலை ஆட்டும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து குளத்தில் தண்ணீர் நின்றுவிட்டால் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி முதலிய வடநாட்டு வாத்துகள் இறங்கும். உளுந்தும் பாசிப்பயறும் விதைத்த கரிசல் காட்டின் மீது பூனைப்பருந்துகள் தாழப் பறந்து எலியும் வெட்டுக்கிளியும் தேடும். மாலையில் ஆயிரக்கணக்கான சோளக்குருவிகள் வானத்தில் ஒரே உடலாகத் திரண்டு, சுருண்டு, விரிந்து பறக்கும். நூல்களில் சூறைக்குருவி என்று எழுதுவது இதைத்தான். மத்திய ஆசியாவின் புல்வெளிகளில் பிறந்த பறவை, நம் காட்டுச் சோளக் கதிரில் வந்து அமர்கிறது. கதிரைக் கொறிக்கும் என்று விரட்டுகிறோம். வெட்டுக்கிளியையும் அது கூட்டமாகத் தின்று தீர்க்கிறது என்பதை மறந்துவிடுகிறோம்.

தை, மாசியில் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளம் போய்ப் பார்க்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். நான் இரண்டு பேருந்து மாறிப் போனேன். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. எச்சம் விழுகிறது, மீன் நாற்றம் அடிக்கிறது என்று யாரும் மரத்தை வெட்டுவதில்லை. பறவை அஞ்சும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. 1994-ல் அரசு அதைச் சரணாலயமாக அறிவித்தது. 2022-ல் உலகளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் அது இடம் பெற்றது. அரசு அறிவிக்கும் முன்பே ஊரார் அறிவித்துவிட்டார்கள் என்பதே உண்மை. கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சுகளை எடுத்து, மீன் ஊட்டி வளர்த்த மறைந்த பால்பாண்டி அந்த ஊர்க்காரர்தான். பட்டம் எதுவும் பெறாத அவரைப் பறவை மனிதர் என்று நாளிதழ்கள் எழுதின.

இமயமலையைத் தாண்டிவரும் வரித்தலை வாத்துகளை அங்கேதான் முதன்முதலில் கண்டேன். வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புக் கோடுகள். திபெத்திலும் மங்கோலியாவிலும் முட்டையிடும் பறவை, உலகிலேயே உயரமான மலைகளின் மேலாகப் பறந்து வந்து, நாங்குநேரி வட்டத்து வயலில் நின்றுகொண்டிருந்தது. சென்னையைக்கூட இதுவரை பார்த்திராத நான், அதன் முன்னால் வாய் பிளந்து நின்றேன்.

பங்குனி, சித்திரையில் குளம் வற்றும். வற்றும்போது மீன் ஓரிடத்தில் சேரும். நாரை, கொக்கு, அரிவாள் மூக்கன், கரண்டிவாயன் எல்லாம் அந்தச் சேற்றில் கூடும். வடக்கே போக வேண்டியவை போய்விடும். குயில் கூவத் தொடங்கும். வைகாசியில் ஆட்காட்டி மட்டும் வெறும் தரையில் முட்டையிட்டுவிட்டு, கிட்டே போகிறவரையெல்லாம் ஏசிக்கொண்டிருக்கும். மீண்டும் ஆடி வரும்.

ஆங்கில நாள்காட்டியை மனப்பாடம் செய்த எனக்கு, என் பாட்டனார் அறிந்திருந்த தமிழ் மாதங்கள் பன்னிரண்டையும் பறவைகள்தாம் மறுபடி கற்றுக் கொடுத்தன.

இது வெள்ளைக்காரன் பொழுதுபோக்கா?

"இதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன பொழுதுபோக்கு, பணக்காரன் விளையாட்டு" என்பார் உண்டு. சத்திமுத்தப் புலவர் நாரையைத் தூது விட்ட பாட்டைப் பள்ளியில் நாமெல்லாம் படித்தோம். வறுமையில் வாடிக் குளிரில் நடுங்கிய ஏழைப் புலவர் அவர். அவரிடம் பைனாகுலர் இல்லை. ஆயினும் நாரையின் அலகு பனங்கிழங்கைப் பிளந்தாற்போல் இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெற்கே குமரித்துறை வரை வந்த நாரை மீண்டும் வடக்கே திரும்பும் என்பதும் தெரிந்திருந்தது. வலசை என்னும் செய்தியை அறிவியல் ஏடுகள் எழுதுமுன் நம் ஏழைப் புலவர் பாட்டில் எழுதிவிட்டார் எனின் மிகையாகாது.

நம் நெல்லைச் சீமையிலேயே 1912-ல் பிறந்தவர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். ஸ்டேட்ஸ்மன் ஏட்டில் 1950 முதல் 1996-ல் தாம் மறையும்வரை இயற்கையைப் பற்றி எழுதிவந்தார். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். அதற்கான புகைப்படக் கருவியையும் பல பாகங்களை இணைத்துத் தாமே உருவாக்கிக்கொண்டார். அவருக்குப் பத்மஸ்ரீ விருது வந்தது. நம் மண்ணின் மரத்தையும் விலங்கையும் அறியாமல் தேசபக்தி என்று பேசுவது வீண் என்பது அவர் கொள்கை.

இன்னொரு பெரியவர் சாலிம் அலி. 1896-ல் பிறந்த அவர் பறவையியலில் உலகப் புகழ் பெற்றவர். ஆனால் முறையான பட்டம் இல்லாத காரணத்தால் அரசுப் பணி ஒன்று அவருக்குக் கிடைக்காமல் போயிற்று. வேலையில்லாமல் கடற்கரைக் கிராமம் ஒன்றில் தங்கியிருந்தபோது, பக்கத்து மரங்களில் கூடு கட்டிய தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் கவனித்துக் குறிப்பெடுத்தார். ஆண் குருவி பாதிக் கூட்டைப் பின்னிவிட்டுப் பெண் குருவிக்குக் காத்திருக்கும் கதையை உலகம் விளங்கிக்கொண்டது அந்தக் குறிப்புகளால்தான். வேலையற்றவர் செய்த வேலைதான் அது! தேநீர்க் கடைப் பெரியவரிடம் இதை நான் சொல்லியிருக்க வேண்டும்.

கழுகில்லாத கழுகுமலை

"சரி, பார்ப்பதால் என்ன பயன்?" என்று கேட்பவர்களை நான் கழுகுமலைக்கு அழைக்கிறேன். சங்கரன்கோவிலிலிருந்து கோவில்பட்டிக்குப் போகும் சாலையில் இருக்கிறது. பாண்டியர் காலத்து வெட்டுவான் கோவிலும், பாறையில் செதுக்கிய சமணச் சிற்பங்களும் காண நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வருகிறார்கள். சடாயுவின் அண்ணன் சம்பாதி முருகனை வழிபட்ட மலை என்பது தலபுராணம். மலைக்குப் பெயர் கழுகுமலை. ஆனால் அந்தப் பாறையில் இரண்டு மணி நேரம் அமர்ந்திருந்தும் பிணந்தின்னிக் கழுகு ஒன்றைக்கூட நான் காணவில்லை. ஊர்ப் பெயரில் மட்டும் கழுகு இருக்கிறது.

இந்தியா முழுவதும் இக்கதைதான். 1990-களில் பாறு என்று நூல்கள் சொல்லும் கழுகுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அழிந்தது. காரணம் என்ன? மாட்டுக்கு வலி தீர ஊசி போடுகிறோம். அதில் டைக்ளோபினாக் என்னும் மருந்து இருந்தது. அந்த மாடு இறந்தால் உடலில் மருந்து தங்கிவிடுகிறது. அதைத் தின்ற கழுகின் சிறுநீரகம் செயலிழந்து, சில நாட்களில் அது மரத்திலிருந்து விழுந்து சாகிறது. 2004-ல் அறிஞர்கள் இதை மெய்ப்பித்தனர். 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து இந்தியாவில் தடை செய்யப்பட்டது. தமிழ்நாட்டில் நீலகிரியின் மாயாறு, சீகூர்ப் பகுதியில்தான் இன்று பாறுகள் எஞ்சியிருக்கின்றன.

கணித மாணவனாகிய என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதிலுள்ள வேறொரு செய்தி. கழுகு குறைகிறது என்று முதலில் எப்படித் தெரிந்தது? பரத்பூரில் விபு பிரகாஷ் என்னும் ஆய்வாளர் 1980-களில் கழுகுகளை எண்ணி எழுதி வைத்திருந்தார். பத்தாண்டு கழித்து மறுபடி எண்ணியபோது பேரளவில் குறைந்திருந்தது. முதல் கணக்கு இல்லாதிருந்தால் இரண்டாம் கணக்குக்குப் பொருளே இல்லை. நம் கழுகுமலையில் எத்தனை கழுகு இருந்தது, எந்த ஆண்டு கடைசியாகப் பறந்தது? நான் கேட்ட பெரியவர்கள், "முன்ன நெறய உண்டும்" என்று மட்டுமே சொன்னார்கள். "நிறைய" என்பது எண் அன்று. எழுதி வைக்காத உயிர் இரண்டு முறை சாகிறது. ஒருமுறை காட்டில், இன்னொருமுறை நம் நினைவில்.

ஆகவேதான் எண்ணுகிறேன். இது கடினமான கலை அன்று. கூட்டத்தில் முதலில் பத்துப் பறவையை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் பதித்துக்கொள்ள வேண்டும். அந்த அளவால் முழுக் கூட்டத்தையும் அளந்தால் தோராயமான எண் கிடைத்துவிடும். நாள், நேரம், இடம், பெயர், எண்ணிக்கை ஆகிய ஐந்தும் இருந்தால் அது குறிப்பு. இல்லாவிட்டால் வெறும் நினைவு. பதினைந்து நிமிடம் நின்று எண்ணி இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் உங்கள் குறிப்பும் உலகக் கணக்கில் சேரும். தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாட்களில் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நம் தாமிரபரணிப் பகுதிக் குளங்களில் 2011 முதல் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் நடத்தி வருகிறது.

இவ்வாறு நாடெங்கும் சுமார் 30,000 பேர் எழுதிய குறிப்புகளைக் கூட்டித்தான் 2023-ல் இந்தியப் பறவைகளின் நிலை என்னும் அறிக்கை வெளிவந்தது. நீண்டகாலக் கணக்கு கிடைத்த 338 வகைகளில் நூற்றுக்கு அறுபது குறைந்து வருகின்றன என்கிறது அது. நம் பனை மரத்துப் பனங்காடையும் குறைந்துவரும் பட்டியலில் இருக்கிறது. அந்த 30,000 பேரில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். நம்மைப் போல் விடுமுறை நாளில் பறவை பார்ப்பவர்கள். வேலையற்றவர் வேலை என்று இதைத் தள்ளிவிட முடியுமா?

படம் பிடிக்கும் ஆசை

பறவை பார்க்கத் தொடங்கும் எல்லோருக்கும் அடுத்து வரும் ஆசை படம் பிடிப்பது. எனக்கும் வந்தது. தூரத்துப் பறவையைக் கிட்டே காட்டும் லென்ஸ் ஒன்றின் விலை இலட்ச ரூபாயைத் தாண்டும். எங்கள் வீட்டில் அப்படி ஒரு தொகையை ஒருசேர யாரும் கண்டதில்லை. என்னிடம் இருப்பது ஒரு கைப்பேசி. கைப்பேசியில் பறவை பெரிதாகத் தெரிய வேண்டுமானால் ஒரே வழிதான் உண்டு. கிட்டே போக வேண்டும்.

சென்ற வைகாசியில் தரிசு நிலத்தில் ஆட்காட்டியின் முட்டைகளைக் கண்டேன். கூழாங்கல் நிறத்தில் நான்கு. தாய்ப்பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டே சுற்றியது. நான் மண்டியிட்டு, முட்டைக்கு நேரே குனிந்து, பத்துப் பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். நிழல் விழாதிருக்க அருகில் கிடந்த காய்ந்த செடியையும் பிடுங்கிப் போட்டேன். படம் நன்றாக வந்தது. நண்பர்களுக்கு அனுப்பினேன், பாராட்டினார்கள். மறுநாள் மாலை போய்ப் பார்த்தபோது முட்டைகள் இல்லை. ஓடு மட்டும் உடைந்து கிடந்தது. எதிர்வேப்ப மரத்தில் இரண்டு காகங்கள். முந்தின நாளும் அவை அங்கேதான் இருந்தன. நான் கவனித்திருந்தேன், பொருட்படுத்தவில்லை. காகத்துக்கு இடத்தைக் காட்டிக் கொடுத்தவன் நான். ஊரில் யாரைக் குறைசொல்லவும் எனக்கு இதில் வழியில்லை.

அன்றிலிருந்து என் கருத்து இது. கூட்டையும் முட்டையையும் குஞ்சையும் படம் பிடிக்கவே கூடாது. தாய் கத்தினால் அது நம்மைப் போகச் சொல்கிறது என்று பொருள், போய்விட வேண்டும். பதிவு செய்த குரலை ஒலிக்க விட்டுப் பறவையை ஏமாற்றி வரவழைக்கக் கூடாது. கூடு இருக்கும் இடத்தைக் கண்டவரிடமெல்லாம் சொல்லவும் கூடாது. விலையுயர்ந்த கருவி வைத்திருப்பவர்க்கும் இதுவே விதி. கைப்பேசி வைத்திருக்கும் நமக்கும் இதுவே விதி. நல்ல படத்துக்காக ஒரு குஞ்சு சாகுமானால், அந்தப் படம் எத்தனை பரிசு பெற்றால் என்ன?

படமே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பெயர் தெரியாத பறவையை அடையாளம் காணப் படம் உதவுகிறது. ஆனால் முதலில் கண், பிறகு குறிப்பேடு, அதற்குப் பிறகே கருவி.

மயிலும் என் தந்தையும்

இனி எழுதப் போவது எனக்குக் கடினமான பகுதி. இதை விட்டுவிட்டால் நான் எழுதியது அனைத்தும் பட்டணத்துக்காரர் எழுத்தாகிவிடும்.

மயில் நம் தேசியப் பறவை. 1963 முதல் அந்தச் சிறப்பு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. முருகனின் வாகனம். மயில்கள் பெருகி வருகின்றன என்று மேற்சொன்ன அறிக்கையே கூறுகிறது. நரிகள் குறைந்ததும், சீமைக் கருவேல முட்புதர்கள் மறைவிடமாக அமைந்ததும் காரணம் என்கிறார்கள். நம் பகுதிக் காடுகளில் விதை விழுந்த மறுநாளே மயில் வந்து நிற்கிறது. மக்காச்சோள விதையைக் கிளறித் தின்கிறது, முளையைக் கிள்ளுகிறது.

சென்ற ஐப்பசியில் ஒருநாள் இரவு நான் குறிப்பேட்டை எழுதிக்கொண்டிருந்தேன். தந்தையார் பக்கத்தில் வந்து அமர்ந்தார்.

"ஏல, அதுல மயிலு எத்தனைன்னு எழுதியிருக்க?"

"இன்னைக்கு முப்பத்தொண்ணுப்பா."

"அது பொறுக்குன வெதை எத்தனை படின்னு எழுதியிருக்கியா?"

எழுதவில்லை. அதற்கு என் குறிப்பேட்டில் இடமே வைத்திருக்கவில்லை. அவர் கோபமாகக் கேட்கவில்லை. அறியாதவர் அறிந்துகொள்ளக் கேட்பதுபோல்தான் கேட்டார். அதனால்தான் வலித்தது. கடன் வாங்கி விதை வாங்கியவர் அவர். மயிலை மட்டும் எண்ணியவன் நான்.

மறுநாள் முதல் கோடு போட்டு இன்னொரு பத்தி சேர்த்தேன். வயலின் ஓரத்திலும் நடுவிலும் சம அளவில் இரண்டு துண்டுகளைக் குறித்துக்கொண்டு, முளைத்தது எத்தனை, போனது எத்தனை என்று நாள்தோறும் எண்ணினேன். முட்புதரை ஒட்டிய ஓரத்தில் பாதிக்கு மேல் போயிற்று. நடுவில் அவ்வளவு இழப்பில்லை. தந்தையார் அந்தக் கணக்கை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "அப்ப முள்ளுக்காட்டுப் பக்கம்தான் காவலு வேணும்" என்றார். முளைவிடும் நாட்களில் விடியலிலும் மாலையிலும் அந்த ஓரத்தில் மட்டும் நானும் தாயாரும் முறை வைத்து நின்றோம். இழப்பு அறவே நின்றது என்று சொல்லமாட்டேன். குறைந்தது. என் படிப்பு எங்கள் காட்டுக்கு முதன்முதலாக உதவியது அன்றுதான்.

எல்லாக் காட்டிலும் அப்படி முடியவில்லை. அதே மாதத்தில் வேறொரு புஞ்சையில் ஐந்து மயில்கள் செத்துக் கிடந்தன. பக்கத்தில் இரண்டு கௌதாரிகளும், யாரும் வளர்க்காத ஒரு நாயும். விஷம் கலந்த தானியம். யார் வைத்தது என்று ஊருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அவரும் கடன்பட்டவர்தான். அந்த வாரத்துக் குறிப்பேட்டில் நான் எதுவும் எழுதவில்லை. எண்ணாத உயிர் இரண்டு முறை சாகிறது என்று மேலே எழுதிய கை அன்று எழுதாமல் நின்றது. இப்போது எழுதிவிட்டேன். யாரையும் காட்டிக் கொடுக்க இதைச் சொல்லவில்லை. இழப்பைத் தனியாகச் சுமக்கும் ஏழை உழவனிடம் "தேசியப் பறவை, தொடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகும் சமுதாயம், அந்த விஷத்தில் தனக்குப் பங்கில்லை என்று கையைக் கழுவ முடியாது.

யானை மிதித்த வயலை அதிகாரியிடம் காட்டலாம். மயில் பொறுக்கிய விதையை எதைக் கொண்டு காட்டுவது? கணக்கு வேண்டும். அந்தக் கணக்கை எழுதப் படித்த பிள்ளைகள் இன்று ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறோம். மயிலால் வரும் பயிர் இழப்புக்கு, ஒரு நாள் கூலியை இழந்து அலையாமல், உள்ளூரிலேயே மதிப்பிட்டு நிவாரணம் தரும் முறை வேண்டும் என்பது என் கோரிக்கை. பறவையை நேசிப்பவர்களே இக்கோரிக்கையை முதலில் எழுப்ப வேண்டும். உழவனைப் பகைத்துக்கொண்டு எந்தப் பறவையையும் காப்பாற்ற முடியாது. கூந்தன்குளத்திலும், தாமிரபரணிக் கரையிலுள்ள திருப்புடைமருதூரிலும் பறவைகளைக் காத்தவர்கள் ஊர் மக்களே. திருப்புடைமருதூர் 2005-ல் நாட்டின் முதல் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்கப்பட்டதும் அந்த மக்களின் விருப்பத்தால்தான்.

தோழர்களுக்கு

தோழர்களே! நம்மில் பலர் உழவர் வீட்டுப் பிள்ளைகள். பறவையைக் காண நாம் காடு தேடிப் போக வேண்டியதில்லை. காட்டு வழியாகத்தான் கல்லூரிக்கே வருகிறோம். செம்போத்து, கொண்டலாத்தி, கரிச்சான், தவிட்டுக்குருவி என்று நம் பாட்டிமார் வாயில் பெயர்கள் கிடக்கின்றன. அவற்றை முதலில் எழுதி வாங்குங்கள். அவர்களுக்குப் பின் சொல்ல ஆளில்லை. இருபது ரூபாய்க் குறிப்பேடு ஒன்று போதும். பைனாகுலர் இருந்தால் நல்லது; இல்லாவிட்டாலும் நூறு வகை காணலாம்.

நம் கல்லூரி நூலகத்தில் ஒரு பெரிய பதிவேடு வைக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வோர் ஊரிலிருந்து வரும் மாணவரும் தம் ஊர்க் குளத்தில் அந்த வாரம் கண்டதை அதில் எழுதட்டும். பறவையோடு குளத்தில் தண்ணீர் எத்தனை அடி, மடை எப்படி இருக்கிறது, குப்பை கொட்டுகிறார்களா, காட்டில் என்ன சேதம் என்பதையும் எழுதட்டும். இருபது ஆண்டு கழித்து வரும் மாணவன், "நிறைய இருந்தது" என்ற ஒற்றைச் சொல்லோடு நம்மைப்போல் ஏமாந்து நிற்கமாட்டான்.

தேநீர்க் கடைப் பெரியவரைச் சென்ற வாரம் மீண்டும் கண்டேன். "என்னல, எத்தனை கொக்கு?" என்று கேட்டார். எண்ணைச் சொன்னேன். சற்று யோசித்துவிட்டு, "நான் சின்னப் பயலா இருக்கையில இந்தக் குளத்துல செங்கால் நாரை வரும். நீ பாத்திருக்கியா?" என்றார். இல்லை என்றேன். எந்த மாதம் வரும், எத்தனை வரும், எந்த மூலையில் நிற்கும் என்று கேட்டேன். தேநீர் ஆறும்வரை சொன்னார். நான் எழுதிக்கொண்டேன்.

அன்று கடையில் யாரும் சிரிக்கவில்லை.